சூரியனுக்கு முன் அடிக்கும் பள்ளி மணி: தேர்வு மாணவரும் இரவுத் தூக்கமும்



தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் முதலில் கைவைப்பது தூக்கத்தின் மேல்தான். "நாளைக்குப் பேப்பர், இன்னைக்கு நைட்டு தூங்காம முடிச்சிடலாம்" என்ற பேச்சு எல்லா வகுப்பிலும் கேட்கும். பெற்றோரும் அதைப் பொறுப்பின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் சில வேளைகளில் "தூக்கத்தைக் குறை" என்று அறிவுரை சொல்லிவிடுகிறோம்.

தூக்கத்தைக் குறைத்தால் நேரம் கூடுவதுபோலத் தெரியும். ஆனால் மதிப்பெண் கூடுவதில்லை. சுங்கை பாக்காப் போன்ற ஊரில் வாழும் மாணவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். காரணம் நம் கடிகாரத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

1. சுங்கை பாக்காப்பில் சூரியனும் கடிகாரமும்

மலேசியாவின் நேரம் உலக நேரத்தைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. இது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். சுங்கை பாக்காப் இருப்பதோ ஏறக்குறைய 100.5 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் 19.5 பாகைக்கு 78 நிமிடம் வருகிறது. அதாவது, நம் ஊரில் கடிகாரம் சூரியனைவிட 1 மணி 18 நிமிடம் முந்தி ஓடுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981ஆம் ஆண்டு முடியும்வரை தீபகற்ப மலேசியா உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரம் மட்டுமே முன்னால் இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று, 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் நம்மோடு மாற்றிக்கொண்டது.

இதன் விளைவைச் சென்னையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.09க்கு. சுங்கை பாக்காப்பில் 1.18க்கு. நம் ஊரில் சூரியன் எழுவது ஆண்டு முழுவதும் காலை 7 மணிக்கும் 7.35க்கும் இடையில்தான். பிப்ரவரி மாதத்தில் மிகவும் தாமதம்.

இப்போது பள்ளி நேரத்தைப் பாருங்கள். காலைப் பள்ளி 7.30ஐ ஒட்டித் தொடங்குகிறது. சூரியக் கணக்கில் அது 6.12. பள்ளி பஸ்ஸுக்காக 5.30க்கு எழும் மாணவர், சூரியக் கணக்கில் விடியற்காலை 4.12க்கு எழுகிறார். அப்போது வெளியே நல்ல இருட்டு. பல நாள்களில் சபைக்கூடலுக்கு வரிசை பிடிக்கும்போதுதான் வானம் வெளுக்கிறது.

"கடிகாரம் வெறும் எண்தானே சார், உடம்புக்கு என்ன தெரியும்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். உடம்புக்குத் தெரிவது சூரியன்தான். ஜெர்மனி நாடு மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 9 பாகை அகலம் உள்ளது. நாடு முழுவதும் ஒரே கடிகாரம். ஆனாலும் மேற்கே வாழ்பவர்கள் கிழக்கே வாழ்பவர்களைவிடத் தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழுவதை அந்நாட்டு ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழுவினர் 2007இல் வெளியிட்டார்கள். பாகைக்கு 4 நிமிடம் என்ற சூரியக் கணக்கு அங்கேயும் தெரிந்தது. பெருநகரங்களைவிடச் சிறிய ஊர்களில் அது தெளிவாகத் தெரிந்தது.

2. உடலுக்குள் ஓடும் கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றை ஒன்று கடக்கும் இடத்துக்கு மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பு அணுக்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று உள்ள அணுக்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அறிவிக்கும் அணுக்களும் உண்டு. அவை தரும் செய்தியை வைத்துத்தான் இந்தக் கடிகாரம் தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டியபின் மெலட்டோனின் என்ற சுரப்பு கூடுகிறது, தூக்கம் வருகிறது. வெளிச்சம் பட்டால் அது குறைகிறது. அணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதோடு இன்னொரு பொறியும் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கினால்தான் அது கரையும். கோப்பியும் தே தாரிக்கும் அடினோசினைக் கரைப்பதில்லை. அதன் செய்தி மூளைக்குப் போகாமல் மறிக்கின்றன, அவ்வளவுதான். களைப்பு உள்ளேயே இருக்கும். குடித்த கஃபைனில் பாதி, ஏறக்குறைய 5 மணி நேரம் கழித்தும் உடலில் நிற்கும். இரவு 8 மணிக்குக் குடித்த கோப்பியின் பாதி, பின்னிரவு 1 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பதின்ம வயதில் இந்த உடல் கடிகாரம் இயற்கையாகவே பின்னுக்குப் போகிறது. 10 வயதில் 9 மணிக்கே கண் சொக்கிய பிள்ளைக்கு 16 வயதில் 11 மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. இதைச் சோம்பல் என்றோ அடங்காமை என்றோ மட்டும் எண்ணிவிடக் கூடாது; அது வளர்ச்சியின் ஒரு பகுதி.

ஆக, நம் படிவம் 5 மாணவர் மூன்று பக்கமும் இழுபடுகிறார். வயது அவர் தூக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சூரியன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதமாக வருகிறது. பள்ளி மணியோ முன்னுக்கு இழுக்கிறது. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வகுத்த அளவு. 5.30க்கு எழுபவர் 12 மணிக்குப் படுத்தால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்தான்.

3. தூங்கும்போது மூளை என்ன செய்கிறது?

தூக்கம் என்பது விளக்கை அணைத்துவிட்டுக் கடையைச் சாத்துவது போன்றதன்று. கடை சாத்தியபின் உள்ளே சரக்கு அடுக்கும் வேலை நடக்கிறது.

பகலில் படித்தது முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் தற்காலிகமாகத் தங்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, நிலையான நினைவாக மற்றப் பகுதிகளில் பதிக்கிறது. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஓர் இரவில் நான்கைந்து சுற்று நடக்கும். முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியும் நேரத்துச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். தூக்கத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தை வெட்டினால், கனவுத் தூக்கத்தின் பெரும்பங்கு போய்விடுகிறது.

1924இலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்து, சில மணி நேரம் கழித்து ஒப்பிக்கச் சொன்னார்கள். இடைப்பட்ட நேரத்தில் விழித்திருந்தபோது மறந்ததைவிட, தூங்கி எழுந்தபோது மறந்தது மிகக் குறைவு. நூறாண்டுக்கு முந்திய அந்தச் சோதனையின் முடிவைப் பின்வந்த ஆய்வுகள் வலுப்படுத்தியே வந்துள்ளன.

நம் பாடத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். செய்யுளும் மொழியணியும் பகுதியில் திருக்குறள், மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர் என்று எவ்வளவோ மனத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அவற்றை இரவு 8 மணிக்குப் படித்துவிட்டுப் 10 மணிக்குத் தூங்கும் மாணவருக்கு, மூளை இலவசமாக ஒரு மீள்பார்வை நடத்தித் தருகிறது. 2 மணிவரை விழித்திருப்பவர் அந்த மீள்பார்வையின் ஒரு பகுதியை இழக்கிறார்.

சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியினர் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு தேர்வு மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். 84 பேருக்கு எறும்பு, நண்டு இனங்களைப் பற்றிய செய்திகளைக் கற்பித்தார்கள். நடுவே ஒரு மணி நேரம் ஒரு குழு தூங்கியது. இன்னொரு குழு அதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. மூன்றாவது குழு ஓய்வெடுத்தது. அன்றே வைத்த சோதனையில் தூங்கியவர்களும் விழுந்து விழுந்து படித்தவர்களும் ஓய்வெடுத்தவர்களை முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் தூங்கியவர்களின் முன்னிலை மட்டுமே தெளிவாக நின்றது. எஸ்.பி.எம். தேர்வு ஒரே நாளில் முடிவதில்லை, வாரக்கணக்கில் நடக்கிறது. ஒரு வாரம் கழித்தும் நிற்கும் படிப்புதான் நமக்குத் தேவை.

4. மாணவர்கள் சொல்லும் நான்கு காரணங்கள்

*"எனக்குப் பழகிப் போச்சு சார். அஞ்சு மணி நேரம் போதும்."*

2003இல் அமெரிக்காவில் வான் டோங்கன் குழுவினர் ஆரோக்கியமான பெரியவர்களை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். நாளாக ஆக அவர்களின் கவனம் குறைந்துகொண்டே போனது. முடிவில், ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களைக் கேட்டால், "கொஞ்சம் தூக்கம் வருது, பரவாயில்ல" என்றுதான் சொன்னார்கள். தூக்கக் குறைவு, தன் நிலையைத் தானே அளக்கும் திறனையும் கெடுக்கிறது. "பழகிப் போச்சு" என்று சொல்பவர் உண்மையில் பழகவில்லை. குறைவை உணரும் சக்தி மழுங்கியிருக்கிறது.

*"வார நாள்ல குறைச்சிட்டு, சனி ஞாயிறுல தூங்கிக்குவேன்."*

2016இல் வெளிவந்த இன்னொரு டியூக்-என்யுஎஸ் ஆய்வில், 15 முதல் 19 வயதுள்ள 56 மாணவர்களில் ஒரு பாதியினர் ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமும் மறுபாதியினர் 9 மணி நேரமும் படுக்கையில் இருந்தார்கள். குறைவாகத் தூங்கியவர்களின் கவனம், வேலைநினைவு, உற்சாகம் எல்லாம் நாளுக்கு நாள் சரிந்தன. பிறகு இரண்டு இரவு 9 மணி நேரம் தூங்கவிட்டும் கவனம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதோடு, ஞாயிற்றுக்கிழமை 11 மணிவரை தூங்குபவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. திங்கட்கிழமை காலை, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர் போல வகுப்பில் உட்கார்ந்திருப்பார்.

*"தாத்தா பாட்டியெல்லாம் தோட்டத்துல நாலு மணிக்கே எழுந்தாங்களே!"*

உண்மைதான். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால், ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தாத்தா எத்தனை மணிக்குப் படுத்தார் என்றும் கேட்க வேண்டும். இரவு 9 மணிக்கெல்லாம் லயம் அடங்கிவிடும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கைப்பேசியின் நீல ஒளி இல்லை. சீக்கிரம் எழுந்தவர்கள் சீக்கிரம் படுத்தவர்கள். நாம் அவர்களின் விடியற்காலையை மட்டும் வாங்கிக்கொண்டு, இரவை விட்டுவிட்டோம்.

*"தூக்கம் கெடுதின்னு திருக்குறள்லேயே இருக்கே?"*

மடியின்மை அதிகாரத்தின் 605ஆம் குறள், தள்ளிப்போடுதல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு தூக்கத்தையும் சேர்த்துக் கெடுதலுக்குரியவை என்கிறது. அங்கே வள்ளுவர் கண்டிப்பது, வேலையிலிருந்து தப்பிக்க நாடும் அளவுமீறிய தூக்கத்தை. அதே வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முதல் குறளில் (941) உடலின் கூறுகள் மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று அளவைப் பேசுகிறார். அந்த அளவுக் கணக்கு தூக்கத்துக்கும் பொருந்தும். கட்டுரையில் 605ஐ எடுத்தாளும் மாணவர் 941ஐயும் சேர்த்து எழுதட்டும். வாதம் முழுமை பெறும்.

5. சிங்கப்பூரில் ஒரு பள்ளி மணியை மாற்றியபோது

சிங்கப்பூருக்கும் நம் கடிகாரம்தான். அங்கேயும் பள்ளிகள் ஏறக்குறைய நம் நேரத்துக்கே தொடங்குகின்றன. 2016 ஜூலையில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி தன் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. "45 நிமிடம் கொடுத்தால் பிள்ளைகள் 45 நிமிடம் தாமதமாகத்தான் படுப்பார்கள்" என்ற சந்தேகம் எழுவது இயல்பு. ஒரு மாதம் கழித்து ஆய்வாளர்கள் அளந்தபோது, பள்ளி நாள்களில் மாணவியர் படுக்கையில் இருந்த நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் நன்மை முழுதும் கரைந்துவிடவில்லை. பகலில் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது என்று மாணவியரே சொன்னார்கள்.

வெறும் 23 நிமிடம்தானா என்று தோன்றும். வாரத்தில் ஐந்து நாளுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2 மணி நேரம். சுங்கை பாக்காப் சிங்கப்பூருக்கு மேற்கே இருப்பதால், நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது இன்னும் 13 நிமிடம் தாமதம். அவர்களுக்கு இருந்த தேவை நமக்கு இன்னும் அதிகம்.

பள்ளி மணியை மாற்றுவது ஓர் ஆசிரியர் கையிலோ ஒரு மாணவர் கையிலோ இல்லை. பத்து காவான் தொழிற்சாலைக்கு ஷிப்ட்டு போகும் பெற்றோர், இரண்டாவது பாலம் வழியாகத் தீவுக்கு வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளி பஸ் ஓட்டுநர் என்று பலரின் நேரம் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. காலை நம் கையில் இல்லை. ஆனால் இரவு பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

6. உடல்நலக் கணக்கு

தேர்வுக்கு அப்பாலும் தூக்கத்துக்கு வேலை உண்டு. சுருக்கமாகச் சில:

- நோய் எதிர்ப்பு: அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப் போல் நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். தேர்வு வாரத்தில் காய்ச்சல் வருவது எல்லா நேரமும் தற்செயல் அல்ல.

- சர்க்கரை: 1999இல் சிக்காகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது, அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகத்தில் இதை ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். இரவு 1 மணிவரை விடைத்தாள் திருத்துவது நம் உடலுக்கும் கடன்தான்.

- சாலை: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்குவதாக 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் 2020இல் திருத்தப்பட்ட சட்டப்படி வாகனமோட்டிக்கு உள்ள வரம்பும் அதே அளவுதான். காலை 5.30க்கு எழுந்த மாணவருக்கு 17 மணி நேரம் முடிவது இரவு 10.30க்கு. இரவு டியூஷன் முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அதே மூளையோடுதான் அவர் 10.30க்குப் பிறகு கணிதமும் படிக்கிறார்.

7. மாணவர்களே, உங்களுக்கு ஒரு திட்டம்

காலை 5.45க்கு எழ வேண்டியவர் 8 மணி நேரம் தூங்க இரவு 9.45க்குக் கண்ணை மூட வேண்டும். "முடியவே முடியாது" என்று தோன்றும். கீழே உள்ள நேர அட்டவணையைப் பாருங்கள்:

- பிற்பகல் 2.30: வீடு, குளியல், சாப்பாடு
- 3.15 – 3.40: குட்டித் தூக்கம். அலாரம் கட்டாயம். 4 மணிக்குப் பிறகு வேண்டாம். இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்
- 4.00 – 5.30: கடினமான பாடம். கணிதம், அறிவியல், கட்டுரை எழுதுதல்
- 5.30 – 6.45: விளையாட்டு, நடை, வீட்டு வேலை
- 7.00 – 7.45: குளியல், இரவு உணவு, குடும்பத்தோடு பேச்சு
- 7.45 – 9.15: வீட்டுப்பாடம், கடைசி அரை மணி நேரம் மனப்பாடப் பகுதி
- 9.15: நாளைக்குப் பை, உடை தயார். கைப்பேசி கூடத்தில், அறைக்குள் வேண்டாம்
- 9.45: விளக்கு அணைப்பு

இதில் படிப்புக்கு 3 மணி நேரம் கிடைக்கிறது. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 12 மணிவரை உட்காரும் ஐந்து மணி நேரத்தைவிட இந்த 3 மணி நேரம் பெரிது. டியூஷன் இருக்கும் நாளில் அட்டவணை மாறும். தூங்கும் நேரம் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 12.15க்குப் படுப்பவர் ஒரே இரவில் 9.45க்கு மாற முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டரை மணி நேரம் என்பது பத்துப் படி. பத்துப் படிக்கு 30 நாள். ஆகவே தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

உடல் கடிகாரத்துக்கு வெளிச்சம்தான் சாவி. காலையில் வெயில் வந்ததும் பத்து, பதினைந்து நிமிடம் திறந்தவெளியில் இருங்கள். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே நடங்கள். இரவு 8.30க்குப் பிறகு பெரிய விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கில் படியுங்கள். கோப்பி, தே, சக்தி பானம் எதுவானாலும் பிற்பகல் 3 மணியோடு நிறுத்துங்கள்.

படுத்து 20 நிமிடத்துக்கும் மேல் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டே இருக்காதீர்கள். எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது மெதுவாகப் படியுங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். மனத்தில் ஓடும் கவலைகளை ஒரு தாளில் எழுதி மடித்து வைப்பதும் உதவும்.

தேர்வுக்கு முந்திய இரவு பதற்றத்தில் தூக்கம் வரவில்லையா? பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் தூக்கத்தைக் கைப்பட்டைக் கருவியால் அளந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், தேர்வுக்கு முந்திய ஓர் இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்திய வாரங்களின் தூக்கத்துக்கும், அது ஒழுங்காக இருந்ததற்கும் தெளிவான தொடர்பு இருந்தது. சேமித்து வைத்தவர் ஓர் இரவில் ஏழையாகிவிட மாட்டார்.

பல வாரங்களாகத் தூக்கம் வராமல் இருந்தாலோ, பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு திணறினாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லி அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். தானாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

8. ஆசிரியர்களே, நம் பங்கு

- வீட்டுப்பாடத்தை ஒப்படைக்கும் கெடுவை இரவு 11.59 என்று வைக்காதீர்கள். இரவு 8 மணி அல்லது மறுநாள் பள்ளியில் என்று வைக்கலாம். 11.59 என்று எழுதினால், 11.58வரை விழித்திருக்க நாமே அனுமதி தருகிறோம்.
- வகுப்புப் புலனக் குழுவில் இரவு 9 மணிக்குப் பிறகு செய்தி போடுவதில்லை என்று பாட ஆசிரியர்கள் சேர்ந்து முடிவெடுக்கலாம். அவசரம் இருந்தால் பெற்றோருக்குத் தனியாக அழைப்பு.
- இரவுக் கூடுதல் வகுப்பு, தேர்வுக் கருத்தரங்கு எதுவானாலும் 9 மணிக்குள் முடியட்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு நடத்தினால் இன்னும் நல்லது.
- ஒரே வாரத்தில் நான்கு பாடங்கள் இடுபணி கொடுத்தால் மாணவர் எங்கிருந்து நேரம் எடுப்பார்? தூக்கத்திலிருந்துதான். பொது நாள்காட்டி ஒன்றில் எல்லாப் பாட ஆசிரியர்களும் குறித்துக்கொண்டால் மோதல் தெரிந்துவிடும்.
- முதல் பாடவேளையில் மாணவர்களை எழுப்பி நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லவைக்கும் நடவடிக்கை வைக்கலாம். புதிய, கடினமான கருத்துகளை ஓய்வுக்கு முந்திய பாடவேளைக்கு நகர்த்தலாம்.
- வகுப்பில் தூங்கும் மாணவரைத் திட்டுமுன் "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று தனியாகக் கேளுங்கள். கைப்பேசிதான் காரணம் என்று நினைத்திருப்போம். அம்மா இரவு ஷிப்ட்டுக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் சொல்லலாம்.

லாஸ் ஏஞ்சலஸில் 535 உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் நாட்குறிப்பை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இங்கே கருதத்தக்கது. வழக்கத்தைவிட அதிக நேரம் படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்த நாளுக்கு மறுநாள், மாணவர்களுக்கு வகுப்பில் பாடம் புரியாமல் போவதும் சோதனையில் சறுக்குவதும் கூடியிருந்தன. நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தியது. நாம் கொடுக்கும் கூடுதல் பயிற்சி தூக்கத்தை விலையாகக் கேட்டால், மறுநாள் நம் வகுப்பிலேயே அந்த விலையைக் கொடுக்கிறோம்.

9. வகுப்பறை நடவடிக்கைகள்

*நிழல் கணக்கு.* ஒரு மீட்டர் குச்சியைத் திடலில் நேராக நட்டு, பகல் 12.45 முதல் 1.45வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரமே நம் ஊரின் உண்மையான உச்சிவேளை. நவம்பர் தொடக்கத்தில் 1 மணியை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 1.30ஐ ஒட்டியும் வரும். பிறகு, "நீ எழும் நேரம் சூரியக் கணக்கில் எத்தனை மணி?" என்று கேளுங்கள். அறிவியல், கணிதம், புவியியல் மூன்றும் இதில் இருக்கின்றன.

*தூக்க நாட்குறிப்பு.* இரண்டு வாரம், தினமும் நான்கு குறிப்பு: படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் தூக்கக் கலக்கம் (1 முதல் 5 வரை), அன்றைய படிப்பு எப்படி இருந்தது. பெயர் எழுத வேண்டாம். முடிவில் வகுப்பே வரைபடம் தயாரிக்கட்டும்.

*கட்டுரைத் தலைப்பு.* "பள்ளி தொடங்கும் நேரத்தை மாற்ற வேண்டுமா?" என்ற விவாதக் கட்டுரை. பெற்றோர், பஸ் ஓட்டுநர், ஆசிரியர், மாணவர் என நான்கு கோணத்தில் கருத்துகளைத் திரட்டி எழுதட்டும்.

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பார்கள். தூக்கம் வந்துவிட்டால் மெத்தை தேடாது என்பது அதன் பொருள். நம் பிள்ளைகள் பள்ளி மேசையிலும் பஸ் இருக்கையிலும் தலைசாய்ப்பது அதனால்தான். இரவில் கொடுக்க வேண்டிய கடனை அவர்களின் உடல் பகலில் வசூலித்துக்கொள்கிறது. இன்றிரவே 15 நிமிடம் முன்னதாக விளக்கை அணையுங்கள். மூன்று நாள் கழித்து இன்னும் ஒரு 15.